லாட்டரி: நன்மையின் பெயரால் நுழைந்த தீமை

 



திருட்டைத் திருட்டு என்று தெரிந்தபின் எந்த ஊரும் வரவேற்பதில்லை. ஆனால் சூது மட்டும் ஒவ்வொரு காலத்திலும் ஏதோ ஒரு தர்மத்தின் கையைப் பிடித்துக்கொண்டே ஊருக்குள் வந்திருக்கிறது. அது வந்த வழியையும், வந்தபின் அதைச் சுற்றி வளர்ந்த குற்றங்களையும் வரலாற்றின் ஒளியில் ஆராய்ந்தால், அருள்மறை ஏன் இதில் இவ்வளவு கடுமை காட்டியது என்பது தெளிவாக விளங்கும். லாட்டரி சட்டப்படி ஒழிக்கப்பட்ட மாநிலத்தில் வாழும் நமக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஒழிந்தது எது, ஒழியாதது எது என்பதை இக்கட்டுரையின் பிற்பகுதி உணர்த்தும்.

ஒட்டக இறைச்சியும் ஏழைகளின் பங்கும்

‘மைஸிர்’ என்ற சொல்லுக்கு ‘யுஸ்ர்’, அதாவது ‘எளிமை’ என்பதே வேர் என முஃபஸ்ஸிர்கள் பலர் எழுதுகின்றனர். உழைப்பின்றி எளிதாகப் பிறர் பொருளை அடைவதால் அப்பெயர் வந்தது. ஜாஹிலிய்யாக் கால அரபிகள் இதை எவ்வாறு ஆடினார்கள் என்பதைத் தஃப்ஸீர் நூல்கள் விரிவாக விளக்குகின்றன. ஓர் ஒட்டகத்தை வாங்கி அறுத்துப் பங்குகளாகப் பிரிப்பார்கள். பத்து அம்புகளை ஒரு பையிலிட்டுக் குலுக்கி, ஒவ்வொருவர் பெயருக்கும் ஓர் அம்பாக வெளியே எடுப்பார்கள். அவற்றுள் ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்குகள் உண்டு. மூன்று அம்புகளுக்கு எதுவும் இல்லை. வெறும் அம்பு வந்தவர்கள் ஒட்டகத்தின் முழு விலையையும் கொடுக்க வேண்டும்.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வென்றவர்கள் அந்த இறைச்சியைத் தாங்கள் உண்ணவில்லை. ஏழைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். அதைப் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். ஆட்டத்தில் கலந்துகொள்ள மறுத்தவனைக் கஞ்சன் என்று இகழ்ந்தார்கள். பஞ்சகாலக் குளிரில் பசித்தவன் வயிறு நிறைந்தது என்பதும் உண்மையே. அதாவது, அன்றைய மைஸிர் இன்றைய ‘நலநிதிப் பரிசுச் சீட்டு’க்கு மிக நெருங்கிய உறவு.

அல்லாஹுத்தஆலா அந்தப் பயனை மறுக்கவில்லை. மதுவிலும் சூதிலும் மக்களுக்குச் சில பயன்கள் உண்டு என்றும், ஆயினும் அவற்றின் பாவம் அவற்றின் பயனைவிடப் பெரியது என்றும் அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனத்தில் அறிவிக்கின்றான். பின்னர் அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்களில் இரண்டையும் ஷைத்தானின் அசுத்தச் செயல் எனக் கூறி, முற்றாக விலக்கிவிடுமாறு கட்டளையிடுகின்றான். அதற்கு அவன் முதலாவதாகச் சொல்லும் காரணம், அவற்றின் மூலம் ஷைத்தான் உங்களிடையே பகையையும் வெறுப்பையும் விதைக்க நாடுகின்றான் என்பதாகும்.

பாவத்தைப் பற்றிய வசனத்தில் பகை ஏன் முன்னே வருகிறது? இமாம் தப்ரீ (ரஹ்) அவர்கள் தம் தஃப்ஸீரில் தாபியீன்களில் ஒருவரான கதாதா (ரஹ்) அவர்களின் விளக்கத்தைப் பதிவு செய்கிறார்கள். ஜாஹிலிய்யாக் காலத்தில் ஒருவன் தன் செல்வத்தையும் குடும்பத்தையும் பந்தயமாக வைத்துத் தோற்றுவிடுவான். பின்னர், தன் பொருள் அடுத்தவன் கையில் இருப்பதைப் பார்த்துக்கொண்டே துயரத்தில் அமர்ந்திருப்பான். அந்தப் பார்வையிலிருந்துதான் பகை பிறந்தது என்பது அந்த விளக்கத்தின் கருத்து. இதை மனத்தில் இருத்திக்கொண்டு அடுத்தடுத்த நூற்றாண்டுகளைப் பாருங்கள்.

கல்கத்தா முதல் காஞ்சியின் மைந்தர் வரை

நம் நாட்டில் லாட்டரியை ஆட்சியின் கருவியாக்கியவர்கள் ஆங்கிலேயர்கள். 1813இல் கட்டி முடிக்கப்பட்ட கல்கத்தா நகர மண்டபம் லாட்டரிப் பணத்தில் எழுந்தது. 1817இல் ‘லாட்டரிக் குழு’ என்றே ஒரு குழு அமைக்கப்பட்டு, அந்நகரின் சாலைகளும் குளங்களும் அதன் வருவாயால் சீரமைக்கப்பட்டன. இங்கிலாந்து தன் சொந்த அரசு லாட்டரியை 1826இலேயே நிறுத்திவிட்டது. 1844இல் இயற்றப்பட்ட சட்டம், அரசு அனுமதி பெறாத லாட்டரிகளை இந்தியாவில் தடை செய்தது. 1870இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 294ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, அனுமதியின்றி லாட்டரி நடத்துவது சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிற்று.

தனிமனிதன் செய்தால் குற்றம், அரசு செய்தால் நலத்திட்டம் என்ற இரட்டை அளவுகோல் அன்றே சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அதே கருத்து 297ஆம் பிரிவாகத் தொடர்கிறது.

விடுதலைக்குப் பின் இதனை முதலில் கையில் எடுத்தது கேரள அரசு. அன்றைய நிதியமைச்சர் பி.கே. குஞ்ஞு சாஹிப் அவர்களின் முயற்சியால் 1967இல் லாட்டரித் துறை தொடங்கப்பட்டது. ஒரு ரூபாய்ச் சீட்டு, முதல் பரிசு 50,000 ரூபாய். முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26, குடியரசு நாளன்று நடந்தது. மக்கள் மீது புதிய வரி போடாமல் அரசுக்கு வருவாய் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம்.

அதே 1968இல் தமிழகத்திலும் அரசுப் பரிசுச் சீட்டு வந்தது. அன்று முதலமைச்சராக இருந்தவர் நம் காஞ்சி மாநகரின் மைந்தர் அறிஞர் அண்ணா அவர்கள். பரிசு விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்று அவர் பெயரால் வழங்கும் வாசகத்தை நம்மில் மூத்தவர்கள் இன்றும் நினைவில் வைத்திருப்பார்கள். எளிமையாக வாழ்ந்து 1969 பிப்ரவரி 3 அன்று மறைந்த அந்தத் தலைவரின் நோக்கத்தில் குறை காண்பது நம் எண்ணமன்று. மதுவிலக்கைத் தளர்த்தினால் வருவாய் கொட்டும் என்று சொல்லப்பட்டபோதும் அதற்கு இணங்காதவர் அவர்.

எனினும், ஒரு வரலாற்று உண்மையை நாம் இங்கே சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம். திருமறை மதுவையும் சூதையும் ஒரே வசனத்தில், ஒரே தீர்ப்பின் கீழ் வைத்தது. மனித அறிவோ, குடிப்பவன் தள்ளாடுவதைக் கண்டு மதுவைத் தடுத்தது. சீட்டு வாங்கியவன் தள்ளாடாததால் அதை அனுமதித்தது. விழாவிட்டால் நாட்டுக்கு என்ற வாசகமும், ஏழைக்கு இறைச்சி என்ற அரபிகளின் பெருமையும் ஒரே தராசில் நிறுத்தத்தக்கவை. இரண்டிலும் பயன் கண்முன்னே தெரிந்தது. பாவம் பின்னால் வந்தது.

இசை மண்டபமும் எட்டு வயதுச் சிறுவனும்

அந்தப் பின்விளைவு எவ்வளவு கொடியதாக இருக்கக்கூடும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரம் சாட்சி. உலகம் வியக்கும் சிட்னி ஓப்பரா மண்டபத்தைக் கட்டுவதற்காக அங்கே அரசு லாட்டரி நடத்தப்பட்டது. 1960 ஜூன் 1 அன்று நடந்த குலுக்கலில் ஓர் எளிய குடும்பத்துக்கு ஒரு லட்சம் பவுண்டு விழுந்தது. அக்கால வழக்கப்படி வென்றவர்களின் பெயரும் முகவரியும் நாளிதழ்களில் வெளியாயின.

ஐந்து வாரங்கள் கழிந்தன. ஜூலை 7 காலை, அக்குடும்பத்தின் எட்டு வயது மகன் கிரேம் தோர்ன், பள்ளிக்குச் செல்லும் வழியில் கடத்தப்பட்டான். இருபத்தைந்தாயிரம் பவுண்டு கேட்டுத் தொலைபேசி வந்தது. ஆகஸ்ட் 16 அன்று அச்சிறுவனின் உடல்தான் கிடைத்தது. கொலையாளி ஸ்டீபன் பிராட்லி தன் குடும்பத்துடன் கப்பலேறித் தப்பிச் சென்றான். கப்பல் நம் அண்டை நாடான இலங்கையின் கொழும்புத் துறைமுகத்தை அடைந்தபோது, அக்டோபர் 10 அன்று அங்கே கைது செய்யப்பட்டான். 1961 மார்ச்சில் அவனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 1968இல் சிறையிலேயே இறந்தான். இந்த நிகழ்ச்சிக்குப் பின்னரே, வென்றவர்கள் தம் பெயரை மறைத்துக்கொள்ளும் வழக்கம் அங்கே ஏற்பட்டது.

சகோதரர்களே! அந்தப் பெற்றோர் யாரையும் ஏமாற்றவில்லை. நாட்டுச் சட்டப்படி சீட்டு வாங்கினார்கள். அவர்கள் செய்த குற்றம் எதுவுமில்லை. குற்றம் முழுவதும் கொலைகாரனுடையதே. ஆயினும் உழைத்து ஈட்டிய செல்வத்தை அண்டை வீட்டார் பார்க்கும் பார்வை வேறு; குலுக்கலில் வந்த செல்வத்தைப் பார்க்கும் பார்வை வேறு. ‘அவன் என்ன செய்து பெற்றான்? எனக்கு ஏன் கூடாது?’ என்ற கேள்வி பலருடைய உள்ளத்தில் எழுகிறது. ஆயிரவரில் ஒருவன் அந்தக் கேள்வியோடு ஆயுதத்தையும் எடுத்துவிடுகிறான்.

பரிசு விழுந்தவர்களின் நிலை

இது அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய தனிச் சம்பவமன்று. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 2006இல் மூன்று கோடி டாலர் பரிசு விழுந்த ஒரு கூலித் தொழிலாளி, தம் பணத்தை நிர்வகிக்க உதவுவதாகச் சொல்லி நெருங்கியவராலேயே 2009இல் கொல்லப்பட்டார். 2012இல் சிகாகோ நகரில் பத்து லட்சம் டாலர் வென்ற, இந்தியாவிலிருந்து குடியேறிய ஒரு வணிகர், பரிசுப் பணத்தைக் கையால் தொடும் முன்பே இறந்துபோனார். இயற்கை மரணம் என்றே முதலில் கருதப்பட்டது. உறவினர் ஒருவரின் வேண்டுகோளால் மீண்டும் சோதித்தபோது உடலில் நஞ்சு இருந்தது தெரிந்தது. அந்தக் கொலையைச் செய்தவர் யார் என்பது எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை.

நம் அண்டை மாநிலத்துக்கு வருவோம். 2016 மார்ச்சில் கோழிக்கோட்டில் கூலி வேலை செய்துவந்த மேற்கு வங்கத் தொழிலாளி ஒருவருக்கு ஒரு கோடி ரூபாய் விழுந்தது. அவர் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடிய இடம் காவல் நிலையம். தம் உயிருக்கும் சீட்டுக்கும் பாதுகாப்புக் கேட்டு அங்கே தஞ்சம் புகுந்தார். 2022 செப்டம்பரில் திருவனந்தபுரத்தைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவருக்கு ஓணம் பம்பர் லாட்டரியில் 25 கோடி ரூபாய் விழுந்தது. சில நாட்களிலேயே, பணம் கேட்டு வருவோரின் தொல்லையால் தம் வீட்டில் நிம்மதியாக இருக்க முடியவில்லை என்றும், இப்பரிசு விழாமலேயே இருந்திருக்கலாம் என்றும் அவர் வேதனையுடன் கூறினார்.

ரிஸ்க் என்பது அல்லாஹ்வின் அருட்கொடை. அதில் பரக்கத் இருந்தால் மனிதன் தன் வீட்டுக் கதவைத் திறந்து வைத்து உறங்குவான். ரிஸ்க் வந்த அன்றே காவல் நிலையத்துக்கு ஓட வேண்டியிருந்தால், அது எத்தகைய ரிஸ்க் என்பதைச் சிந்திப்பவர்கள் சிந்திக்கட்டும்.

வேலியே பயிரை மேய்ந்தால்

குலுக்கல் நேர்மையாகத்தான் நடக்கிறது என்று நம்பி மக்கள் பணம் போடுகிறார்கள். அந்த நம்பிக்கையும் பலமுறை உடைந்திருக்கிறது. அமெரிக்காவில் பல மாநிலங்களின் லாட்டரிகளைக் கூட்டாக நடத்தும் சங்கத்தில் கணினிப் பாதுகாப்புப் பிரிவின் தலைவராக இருந்தவர் எடி டிப்டன். குலுக்கல் எண்ணைத் தேர்ந்தெடுக்கும் கணினி நிரலிலேயே அவர் இரகசியமாகச் சில வரிகளைச் சேர்த்துவிட்டார். ஆண்டின் குறிப்பிட்ட சில நாட்களில் எந்த எண்கள் வரும் என்பதை அவரால் முன்கூட்டியே கணிக்க முடிந்தது. 2010 டிசம்பர் 23 அன்று ஒன்றரைக் கோடி டாலருக்கும் அதிகமான பரிசுக்குரிய சீட்டை அவரே வாங்கினார். 2017இல் அவருக்கு 25 ஆண்டுகள் வரையிலான சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பூட்டுக்குக் காவல் வைக்கப்பட்டவரிடமே கள்ளச் சாவி இருந்தது.

நம் நாட்டில், நாட்டுக்கு என்று சொல்லப்பட்ட பணம் எங்கெங்கு செல்கிறது என்பதற்கும் ஒரு செய்தி உண்டு. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத் திட்டத்தைச் செல்லாது என அறிவித்தது. அதையடுத்து மார்ச்சில் தேர்தல் ஆணையம் பட்டியலை வெளியிட்டபோது, நாட்டிலேயே மிக அதிகமாகப் பத்திரங்கள் வாங்கியிருந்தது லாட்டரித் தொழில் செய்யும் ஃபியூச்சர் கேமிங் என்ற நிறுவனம் எனத் தெரியவந்தது. தொகை 1,368 கோடி ரூபாய். வாங்கிய காலத்தில் அது சட்டம் அனுமதித்த செயலே. ஆயினும், பல கட்சிகளுக்கும் இவ்வளவு பெரிய தொகையை வழங்கும் ஆற்றல் ஒரு தொழிலுக்கு எங்கிருந்து வந்தது? பத்துக்கும் இருபதுக்கும் சீட்டு வாங்கிய கூலித் தொழிலாளிகளின் சட்டைப் பையிலிருந்து வந்தது.

தாள் ஒழிந்தது, எண் ஒழியவில்லை

தமிழகத்தில் ஒரு காலத்தில் பேருந்து நிலையங்களிலும் கடைத்தெருக்களிலும் பல மாநிலச் சீட்டுகள் தோரணம்போல் தொங்கின. சுரண்டல் லாட்டரியும் ஒரு நம்பர் லாட்டரியும் வந்தபின், முடிவுக்கு ஒரு வாரம் காத்திருந்த பழைய நிலை மாறியது. காலையில் வாங்கிய கூலி மாலைக்குள் கரைந்தது. 1998இல் மத்திய அரசு இயற்றிய லாட்டரிகள் ஒழுங்குமுறைச் சட்டம், ஒற்றை இலக்கத்துக்குப் பரிசு வழங்குவதைத் தடுத்தது. லாட்டரி வேண்டாம் என்று முடிவு செய்யும் மாநிலத்துக்குப் பிற மாநிலச் சீட்டுகளைத் தடைசெய்யும் அதிகாரத்தையும் வழங்கியது. 1999இல் உச்ச நீதிமன்றம், அரசே நடத்தினாலும் லாட்டரி சூதாட்டமே என்று தெளிவாகத் தீர்ப்பளித்தது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் அருளப்பட்ட வசனத்தின் கருத்தை ஒரு நவீன நீதிமன்றம் தன் மொழியில் உறுதிசெய்தது என்றே நாம் கொள்ளலாம்.

2003 ஜனவரி 8 அன்று தமிழக அரசு எல்லா லாட்டரிகளையும் தடைசெய்தது. சீட்டு விற்றுப் பிழைத்த மாற்றுத் திறனாளிகள் உள்ளிட்ட பலர் அன்று வாழ்வாதாரம் இழந்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் இலட்சக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு எரிவதற்கு அந்தத் தடை துணைநின்றது. அந்த நல்ல முடிவை நாம் மனமாரப் பாராட்ட வேண்டும்.

ஆனால், ஷைத்தான் ஒரு வாசல் அடைபட்டால் மறு வாசலைத் தேடுபவன். கேரளத்திலும் வேறு சில மாநிலங்களிலும் குலுக்கல் நாள்தோறும் தொடர்கிறது. முடிவுகள் நொடியில் கைபேசிக்கு வந்துவிடுகின்றன. அந்த முடிவின் கடைசி மூன்று இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே ‘மூணு நம்பர் லாட்டரி’ என்ற புதிய சூது பிறந்தது. இதற்கு அச்சிட்ட சீட்டு இல்லை. அரசு முத்திரை இல்லை. வெள்ளைத் தாள் துண்டில் மூன்று எண்களை எழுதிக் கொடுப்பார்கள். பின்னர் அந்தத் துண்டும் மறைந்து வாட்ஸ்அப் செய்தியாகிவிட்டது.

இதன் கணக்கைப் பாருங்கள். 000 முதல் 999 வரை மொத்தம் ஆயிரம் எண்கள். ஓர் எண்ணுக்கு 60 ரூபாய், பரிசு 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் எண்களும் விற்றால் நடத்துபவனுக்கு 60,000 ரூபாய் வருகிறது. 25,000 கொடுத்ததுபோக 35,000 அவன் கையில் நிற்கிறது. ஆடுபவன் நாளுக்கு ஓர் எண் வாங்கினால், சராசரியாக ஆயிரம் நாட்களுக்கு ஒருமுறை வெல்வான். அதற்குள் அவன் இழப்பது அறுபதாயிரம், பெறுவது இருபத்தைந்தாயிரம். இதை வியாபாரம் என்று சொல்லும் வணிகர் உலகில் உண்டா?

அடுத்து, குற்றம் இதில் எவ்வாறு வேர்பிடிக்கிறது என்பதைக் கவனியுங்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 30ஆம் பிரிவில், பந்தய ஒப்பந்தங்கள் செல்லாது என்கிறது. ஆகவே எண் விழுந்தவனுக்குப் பணம் தராமல் ஏமாற்றினால் அவன் எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது. கடனுக்கு எண் எழுதியவன் தராவிட்டால் நடத்துபவனும் நீதிமன்றம் போக முடியாது. சட்டம் நுழைய முடியாத இடத்தில் அடியாள் நுழைகிறான். அவனுக்குப் பின்னால் கந்துவட்டிக்காரன் வருகிறான். பகையும் வெறுப்பும் என்று திருமறை சொன்ன இரு சொற்களின் விரிவுரை இதுதான்.

அத்துடன், உங்கள் கைபேசி எண்ணுக்குப் பல லட்சம் பரிசு விழுந்திருக்கிறது, வரியை மட்டும் முன்னதாகக் கட்டுங்கள் என்று வரும் மோசடிச் செய்திகளும் இந்த ஆசையின் மீதே வலை விரிக்கின்றன. வாங்காத சீட்டுக்குப் பரிசு விழாது என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் படித்தவர்களே பணம் கட்டி ஏமாறுகிறார்கள். ஆசை கண்ணை மறைத்துவிடுகிறது.

விழுப்புரம் சொல்லும் பாடம்

2019 டிசம்பரில் விழுப்புரத்தில் நடந்த துயரம் தமிழகத்தையே உலுக்கியது. நகை செய்யும் தொழிலாளி ஒருவர் மூன்று நம்பர் லாட்டரியில் பணத்தை இழந்து கடனில் மூழ்கினார். தம் மூன்று பெண் குழந்தைகளுக்கு நஞ்சு கொடுத்துவிட்டு, அவரும் அவர் மனைவியும் உயிரை மாய்த்துக்கொண்டனர். அதற்கு முன் கைபேசியில் தாம் பேசிப் பதிவுசெய்த காட்சியில், விழுப்புரத்தில் இந்த லாட்டரியை ஒழித்துவிடுங்கள், மற்றவர்களாவது பிழைத்துக்கொள்வார்கள் என்று வேண்டினார். அதன் பின்னர் காவல்துறை பல இடங்களில் சோதனை நடத்திப் பலரைக் கைது செய்தது.

ஒரு நிமிடம் நின்று சிந்தியுங்கள். 2003இல் தடை வந்துவிட்டது. பதினாறு ஆண்டுகள் கழித்து, தடை செய்யப்பட்ட ஒன்றினால் ஒரு வீட்டில் ஐந்து ஜனாஸாக்கள். பிஞ்சுக் குழந்தைகள் எந்த எண்ணையும் எழுதவில்லை; எந்தக் கடனையும் வாங்கவில்லை. செல்வத்தையும் குடும்பத்தையும் சூதில் வைத்து இழந்தவனைப் பற்றிக் கதாதா (ரஹ்) அவர்கள் சொன்ன செய்தி பழைய கதையாகி விடவில்லை. அது நம் காலத்தில், நம் தமிழ் மண்ணில், நம் கண்முன்னே நடந்தது.

அண்டை வீட்டார்கள் இருந்தார்கள். உறவினர்கள் இருந்தார்கள். ஆனால் கடன்பட்டவன் தன் கடனைச் சொல்லக்கூடிய ஓர் இடம் அவனுக்குத் தெரியவில்லை. நம் மஹல்லாவில் அப்படி ஓர் இடம் இருக்கிறதா என்பதே இன்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

தறியும் எண்ணும்

காஞ்சி மாநகரம் உழைப்பின் பெருமைக்குப் பெயர் பெற்ற ஊர். ஒரு பட்டுச் சேலை தறியிலிருந்து இறங்க வாரங்கள் ஆகும். பாவில் ஊடையை ஒவ்வோர் இழையாகக் கோத்து, கரையையும் முந்தானையையும் இணைத்து, ஜரிகை பிசகாமல் நெய்தபின்னரே கூலி. அந்தக் கூலியும் பலருக்கு முன்பணக் கடனில் கழிந்துவிடுகிறது. முன்பணத்துக்கு ஈடாகப் பச்சிளம் பிள்ளைகளைத் தறியில் உட்கார வைத்த ஒரு காலத்தையும் இந்த ஊர் கண்டிருக்கிறது. கடன் என்பது வீட்டில் யார் தலையில் இறங்கும் என்பதை நெசவாளிக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

இத்தகைய உழைப்பாளியிடம்தான் மூன்று எண்காரன் வருகிறான். நாளுக்கு 60 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 21,900 ரூபாய். அது ஒரு பிள்ளையின் படிப்பு. ஒரு மகளின் மருத்துவம். தறிக்குத் தேவையான பழுதுபார்ப்பு. இழை இழையாகச் சேர்த்ததை எண் எண்ணாகக் கரைக்கலாமா?

சூதின் கேட்டை நம் சமயத்தார் மட்டுமே சொல்லவில்லை. திருவள்ளுவர் சூது என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். சூதாட்டத்தில் நாடிழந்த பாண்டவர்களுக்காகத் தூது சென்ற கதையின் பெயரால் இந்த ஊரிலேயே ஒரு கோயில் இருக்கிறது. ஆகவே இது அனைத்துச் சமய மக்களும் கைகோத்துத் தடுக்க வேண்டிய தீமையாகும்.

நமது கடமை

முதலாவதாக, இந்தச் சூதுக்கு அழைப்பவனையும் அழைக்கப்படுபவனையும் நாம் எச்சரிக்க வேண்டும். வா, சூதாடுவோம் என்று தோழனை வாயால் அழைத்தவன்கூட அதற்காகத் தர்மம் செய்யட்டும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்ட செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. அழைத்ததற்கே பரிகாரம் என்றால், ஆடியதற்கு என்ன நிலை? எண் எழுதி வாங்குபவரும், கமிஷனுக்காக அதைக் கைமாற்றுபவரும், அதற்குத் தம் கடையில் இடம் கொடுப்பவரும் அந்தப் பாவத்தில் பங்குபெறுகிறார்கள். நாட்டின் சட்டமும் அவர்களைக் குற்றவாளிகளாகவே காண்கிறது. கைபேசியில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடுக்கத் தமிழக அரசு 2023இல் சட்டத்தை நடைமுறைப்படுத்தியதும், மத்திய அரசு 2025இல் சட்டம் இயற்றியதும் இதே தீமையின் மறு உருவத்தைக் கண்டதால்தான்.

இரண்டாவதாக, பரிசுப் பணத்தில் பள்ளிவாசலுக்கு ஒரு பங்கு கொடுத்தால் மீதி ஹலாலாகிவிடும் என்ற தவறான எண்ணம் சிலரிடம் நிலவுகிறது. அரபிகள் ஒட்டக இறைச்சியை ஏழைக்குக் கொடுத்ததால் மைஸிர் ஹலாலாகிவிடவில்லை என்பதை நாம் மேலே கண்டோம். ஹராமான வழியில் வந்த பொருளை உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். உரியவர் யாரெனத் தெரியாவிட்டால், நன்மையை எதிர்பாராமல், பொறுப்பிலிருந்து விடுபடும் எண்ணத்துடன் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதே நம் ஃபிக்ஹு அறிஞர்களின் தீர்ப்பாகும். பள்ளி நிர்வாகிகளும் இவ்விஷயத்தில் கண்டிப்புடன் இருக்க வேண்டும்.

மூன்றாவதாகவும் முக்கியமாகவும், கடனில் சிக்கியவரை வெறுத்து ஒதுக்காதீர்கள். பாவத்தை வெறுப்போம், பாவத்தில் வீழ்ந்தவரின் கையைப் பிடிப்போம். உயிரை மாய்த்துக்கொள்வது மார்க்கத்தில் பெரும் பாவம் என்று மிம்பரில் சொல்வதோடு நம் பொறுப்பு முடிந்துவிடாது. அந்த எண்ணம் ஒருவர் மனத்தில் தோன்றுவதற்கு முன்பே அவருடைய வீட்டுக் கதவைத் தட்டுவது ஜமாஅத்தின் கடமை. ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டுப் பிரிவினரில் கடனாளிகளையும் அல்லாஹ் சேர்த்திருப்பதை (அல்குர்ஆன் 9:60) நாம் மறந்துவிடக் கூடாது. ஒவ்வொரு மஹல்லாவிலும் பைத்துல்மால் அமைத்து, வட்டியில்லாத அழகிய கடன் வழங்குவோமானால், கந்துவட்டிக்காரனுக்கும் எண்காரனுக்கும் நம் தெருவில் வேலை இருக்காது. தவ்பாச் செய்து திரும்பியவரைப் பழைய பெயர் சொல்லி அழைக்காமல் அணைத்துக்கொள்வதும் அதில் ஒரு பகுதி.

குடும்பத்துப் பெண்மணிகளும் இதில் விழிப்புடன் இருக்க வேண்டும். கணவரோ மகனோ கொண்டுவரும் கூலி திடீரெனக் குறைந்தால், நகை காரணமின்றி அடகுக்குப் போனால், குறிப்பிட்ட நேரமானதும் கைபேசியை எடுத்துக்கொண்டு தனியே ஒதுங்கினால், சண்டையிடாமல் அமைதியாகக் கேளுங்கள். தேவைப்பட்டால் ஜமாஅத்தின் பெரியவர்களிடம் சொல்லுங்கள். இரகசியமாகச் சொன்னதை இரகசியமாகக் காப்பது பெரியவர்களின் அமானிதம்.

அருமைச் சகோதரர்களே! ஒட்டக இறைச்சி, நகர மண்டபம், ஓப்பரா மண்டபம், நாட்டு நலம் என்று பயன்களின் பெயர் மாறிக்கொண்டே வந்தது. பாவத்தின் பெயர் மாறவில்லை. சில பயன்கள் உண்டு என்று ஒப்புக்கொண்டே அதை விலக்கச் சொன்ன இறைவனின் தீர்ப்பு எவ்வளவு நீதமானது என்பதற்கு வரலாறு சாட்சி பகர்கிறது. தடையை அரசாங்கம் போட்டுவிட்டது. அதைத் தெருவில் நிலைநாட்டுவது நம் கையில் இருக்கிறது.

வல்ல ரஹ்மான் நம்மையும் நம் சந்ததிகளையும் சூதின் எல்லா உருவங்களிலிருந்தும் பாதுகாப்பானாக! உழைத்து உண்ணும் ஹலாலான ரிஸ்கையும் அதில் பரக்கத்தையும் நமக்கு வழங்குவானாக! கடனின் சுமையால் வாடுவோரின் துயரை நீக்கி, அவர்களுக்கு உதவும் நற்பேற்றை நமக்கு அருள்வானாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.